டார்க் மோடிலும் கலையாத மின்னஞ்சல் கையொப்பம்: எச்டிஎம்எல் வடிவமைப்புக்கான முழுமையான வழிகாட்டி

என் மின்னஞ்சல்களின் அடியில் இருந்த லோகோ பல மாதங்களாகப் பலருடைய திரையில் தெரியவே இல்லை என்பதை நான் தற்செயலாகத்தான் அறிந்தேன். வாடிக்கையாளர் ஒருவர் தம் கைப்பேசியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, "உங்கள் பெயருக்குக் கீழே இவ்வளவு இடம் ஏன் காலியாக இருக்கிறது?" என்று கேட்டிருந்தார். அந்த இடம் காலியாக இல்லை. அடர்நீல எழுத்துகளால் ஆன லோகோ அங்கேதான் இருந்தது. திரையைக் கருமையாகக் காட்டும் டார்க் மோடின் கரிய பின்னணியில் அது கரைந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

மேக் கணினிகளுக்கு 2018 செப்டம்பரில் வெளிவந்த மோஹாவி பதிப்போடும், கைப்பேசிகளுக்கு 2019 செப்டம்பரில் வெளிவந்த ஐஓஎஸ் 13, ஆண்ட்ராய்டு 10 ஆகியவற்றோடும் டார்க் மோட் பொதுவழக்காகிவிட்டது. ஆனால் அஞ்சலின் அடியில் பெயர், பதவி, லோகோ ஆகியவற்றோடு நாம் சேர்க்கும் கையொப்பங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தாளை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. அவற்றை எங்கிருந்து திருத்தத் தொடங்குவது, எதைத் தொடாமல் விடுவது என்பதைப் படிப்படியாக இங்கே விளக்குகிறேன். எச்டிஎம்எல் குறியீட்டை ஓரளவு படிக்கத் தெரிந்திருந்தால் போதும்.

டார்க் மோட் ஒன்றல்ல, மூன்று

டார்க் மோட் என்று நாம் ஒரே பெயரில் அழைத்தாலும், மின்னஞ்சல் செயலிகள் அதை மூன்று வெவ்வேறு விதங்களில் நடைமுறைப்படுத்துகின்றன. முதல் வகைச் செயலி தன்னுடைய பட்டிகளையும் பொத்தான்களையும் மட்டும் கருமையாக்கிக்கொண்டு, அஞ்சலின் உள்ளடக்கத்தை அனுப்பியவர் வடிவமைத்தபடியே விட்டுவிடும். ஜிமெயிலின் இணையப் பதிப்பு நீண்ட காலம் இப்படித்தான் இருந்தது. இரண்டாம் வகைச் செயலி வெளிர்ந்த பின்னணிகளைக் கருமையாக்கி, அவற்றின் மேலிருக்கும் கரிய எழுத்துகளை வெளிரச் செய்யும். ஏற்கெனவே கருமையாக உள்ள பகுதிகளை அது தொடாது. அவுட்லுக்கின் இணையப் பதிப்பு இந்த வகையைச் சேர்ந்தது. மூன்றாம் வகைதான் வடிவமைப்பாளர்களின் தலைவலி: அது எல்லாவற்றையும் தலைகீழாக்கும். வெள்ளை கருப்பாகும், கருப்பு வெள்ளையாகும். நீங்கள் டார்க் மோடுக்கென்றே பார்த்துப் பார்த்து அமைத்த கரிய பட்டையும் வெளிர்ந்த பட்டையாகிவிடும். விண்டோஸில் நிறுவப்படும் பழைய அவுட்லுக்கும், ஐபோனில் இயங்கும் ஜிமெயில் செயலியும் பொதுவாக இப்படி நடந்துகொள்கின்றன.

இந்த வகைப்பாடு பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியது என்பதால், எந்தச் செயலி எந்த வகை என்று பட்டியலிட்டு மனப்பாடம் செய்வதில் பொருளில்லை. மூன்று நடத்தைகளும் எப்போதும் எங்கோ ஒரு திரையில் இருக்கும், நம் கையொப்பம் மூன்றிலும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது. மூன்றுக்கும் பொதுவான ஓர் உண்மையும் உண்டு: நிறங்களை மாற்றும் செயலிகள் எழுத்தையும் பின்னணியையும் மாற்றுகின்றனவே தவிர, படங்களை மாற்றுவதில்லை. என் லோகோ காணாமல் போனதற்குக் காரணம் இதுதான். பின்னணி மாறியது; படம் மாறவில்லை.

கையொப்பத்துக்குத் தலைப்பகுதி கிடையாது

டார்க் மோட் பற்றி இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை செய்திமடல்களுக்காக எழுதப்பட்டவை. செய்திமடலை அனுப்புபவருக்கு முழு எச்டிஎம்எல் ஆவணமும் சொந்தம். அவர் அதன் தலைப்பகுதியான ஹெட் பகுதியில் கலர்-ஸ்கீம் என்ற மெட்டா குறியை வைக்கலாம். ஸ்டைல் தொகுதியில், படிப்பவர் டார்க் மோடில் இருக்கிறாரா என்று பார்க்கும் பிரிஃபர்ஸ்-கலர்-ஸ்கீம் என்ற மீடியா குவெரியை எழுதி, டார்க் மோடுக்குத் தனி நிறங்களைத் தரலாம். அவுட்லுக்கின் இணையப் பதிப்பு தான் மாற்றிய உறுப்புகளின் மேல் விட்டுச்செல்லும் அடையாளப் பண்புகளைப் பிடித்து, நிறங்களை மீட்டெடுக்கவும் முயலலாம்.

கையொப்பம் அப்படிப்பட்டதல்ல. அது மற்றோர் ஆவணத்தின் உடலுக்குள், வேறொரு செயலி எழுதும் குறியீட்டின் நடுவே ஒட்டப்படும் ஒரு துண்டு. ஹெட் பகுதி நம் கையில் இல்லை. கையொப்பப் பெட்டியில் ஒட்டும்போதே பல செயலிகள் ஸ்டைல் தொகுதியை உதிர்த்துவிடுகின்றன. அங்கே தப்பினாலும், அந்த அஞ்சலுக்கு யாராவது பதில் எழுதும்போதோ அதை வேறொருவருக்கு அனுப்பிவைக்கும்போதோ அது உதிர்ந்துவிடுகிறது. பெறுபவர் ஜிமெயிலைப் பயன்படுத்தினால், மேற்சொன்ன மீடியா குவெரியை அது பொருட்படுத்துவதே இல்லை.

ஆகவே கையொப்பத்தில் டார்க் மோடைக் கண்டறிந்து அதற்கேற்ப மாறும் வழி நமக்கு இல்லை. எந்தப் பின்னணி வந்தாலும் தாங்கிக்கொள்ளும் ஒரே வடிவத்தைத்தான் உருவாக்க முடியும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு கட்டுப்பாட்டிலிருந்தே பிறக்கின்றன.

படி 1: இப்போதைய கையொப்பத்தைப் பிரித்துப் பாருங்கள்

உங்கள் கையொப்பத்தோடு ஒரு வெற்று அஞ்சலை உங்களுக்கே அனுப்பி, அதன் மூலக் குறியீட்டைத் திறந்து பாருங்கள். ஜிமெயிலின் இணையப் பதிப்பில் அஞ்சலின் மூன்று புள்ளிப் பட்டியில் 'அசலைக் காட்டு' என்ற வசதி இதற்கென்றே உள்ளது. சில நேரங்களில் அது குறியாக்கம் செய்யப்பட்டு, படிக்க முடியாத எழுத்துக் கோவையாக வரும். அப்போது இணைய உலாவியின் டெவலப்பர் கருவியைத் திறந்து கையொப்பப் பகுதியை மட்டும் ஆராயலாம்.

அங்கே மூன்றைத் தேடுங்கள். எழுத்து நிறமாகக் கலர் என்ற பண்பு எங்கெல்லாம் எழுதப்பட்டுள்ளது? பேக்ரவுண்ட்-கலர் அல்லது பிஜிகலர் என்று பின்னணி எங்கெல்லாம் குறிக்கப்பட்டுள்ளது? படங்கள் எந்த வடிவத்தில், எந்த முகவரியிலிருந்து வருகின்றன? வேர்டு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டிய கையொப்பம் என்றால், ஒரே வரிக்குள் கருப்பு நிறம் நான்கைந்து இடங்களில் எழுதப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். எனக்கு வாய்த்த ஒன்றில், கைப்பேசி எண்ணின் முதல் பாதி ஒரு ஸ்பான் குறிக்குள்ளும் மறுபாதி வேறொரு ஸ்பான் குறிக்குள்ளும் இருந்தன. டார்க் மோடில் ஒரு பாதி சாம்பலாகவும் மறுபாதி வெள்ளையாகவும் தெரிந்தது. இப்படிப்பட்ட குறியீட்டைச் செப்பனிடுவதைவிடப் புதிதாக எழுதுவது விரைவில் முடியும் என்பது என் அனுபவம்.

படி 2: சிறிய எழுத்துகளின் நிறத்தைச் செயலியிடமே விட்டுவிடுங்கள்

பதவி, தொலைபேசி எண், முகவரி போன்ற வரிகளுக்கு எந்த நிறத்தையும் குறிப்பிடாதீர்கள். இதை முதலில் கேட்பவர்களுக்கு அரைகுறை வேலையாகத் தோன்றும்; உண்மையில் இந்த வழிகாட்டியில் அதிகப் பயன் தரும் ஒரே திருத்தம் இதுதான். நிறம் குறிக்கப்படாத எழுத்துக்குச் செயலி தன் இயல்பு நிறத்தைத் தருகிறது. வெள்ளைப் பின்னணி என்றால் கருப்பு. கரிய பின்னணி என்றால் வெளிர்நிறம். எந்த மாற்றமும் கணக்கீடும் அங்கே தேவைப்படுவதில்லை என்பதால், தவறு நேரவும் வழியில்லை.

மாறாக, நீங்கள் #000000 என்று கருப்பைக் கையால் எழுதினால், மாற்றும் திறனுள்ள செயலிகளில் அது வெளிர்நிறமாக மாறித் தப்பித்துக்கொள்ளும். பின்னணியை மட்டும் கருமையாக்கிவிட்டு, கையால் எழுதிய நிறத்தை அப்படியே மதிக்கும் செயலியில் கருப்பின் மேல் கருப்பாக மறைந்துவிடும். குறிக்குள்ளேயே எழுதும் இன்லைன் ஸ்டைலில், மற்ற விதிகளை மீறச் சொல்லும் 'இம்பார்ட்டன்ட்' என்பதைச் சேர்த்து அடம்பிடிப்பதாலும் பெரும்பாலும் பயன் இருப்பதில்லை. நிறத்தை மாற்றும் செயலி நம் விதியோடு போட்டியிடுவதில்லை. விதிக்குள் நாம் எழுதிய மதிப்பையே திருத்தி எழுதிவிடுகிறது.

பதவியையும் முகவரியையும் அடக்கமாகக் காட்டுவதற்குச் சாம்பல் நிறத்தைப் பயன்படுத்தும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த இடத்தில் எழுத்தின் அளவையும் தடிமனையும் கொண்டு வேறுபடுத்துங்கள். பெயர் 16 பிக்சலில் தடித்த எழுத்து, மற்றவை 13 பிக்சலில் சாதாரண எழுத்து என்றாலே போதுமான வேறுபாடு கிடைக்கும். வழக்கமாகப் பயன்படும் #999999 என்ற சாம்பலுக்கும் வெள்ளைக்கும் உள்ள மாறுபாட்டு விகிதம் (இரு நிறங்களின் ஒளி வேறுபாட்டைக் காட்டும் அளவு) 2.85:1 மட்டுமே, டார்க் மோட் வருவதற்கு முன்பே அது படிக்கச் சிரமமானதுதான்.

பின்னணிக்கும் இதே விதி பொருந்தும். 'பாதுகாப்புக்காக' அட்டவணைக்கு வெள்ளைப் பின்னணி தருவது வேண்டாம். அப்படித் தந்தால், ஒரு செயலியில் அஞ்சல் முழுவதும் கருமையாக இருக்க, கையொப்பம் மட்டும் கண்ணைக் கூசும் வெள்ளைத் துண்டாக நிற்கும்; இன்னொரு செயலியில் அது சுற்றியுள்ள கருமையோடு ஒட்டாத வேறொரு கருமையாக, ஒட்டுப்போட்ட துணிபோலத் தெரியும். நிறுவனம் வண்ணப்பட்டையைக் கட்டாயப்படுத்தினால், பட்டைக்குப் பின்னணி நிறத்தையும் எழுத்து நிறத்தையும் ஒரே உறுப்பில் சேர்த்தே எழுதுங்கள். ஒன்றை எழுதி மற்றொன்றை விடுவதுதான் ஆபத்து.

படி 3: பெயருக்கும் கோடுகளுக்கும் நடுத்தர நிறம்

எல்லாவற்றையும் நிறமின்றி விட்டால் கையொப்பத்துக்கென்று ஓர் அடையாளம் இல்லாமல் போகும் என்பது நியாயமான கவலை. பெயர், பிரிக்கும் கோடு, ஐகான்கள் ஆகியவற்றுக்கு ஒரே ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அது வெள்ளையிலும் கருமையிலும் ஒருசேரத் தெரிய வேண்டும். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின்படி, சாதாரண எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே மாறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். பெரிய எழுத்துக்கு 3:1 போதும். தூய வெள்ளைக்கும் தூய கருப்புக்கும் இடையே உள்ள விகிதம் 21:1. ஒரு நிறம் இரண்டிலிருந்தும் சம தொலைவில் நின்றால், அதன் விகிதம் 21 இன் வர்க்கமூலமாக, அதாவது ஏறத்தாழ 4.58 ஆக இருக்கும். அதற்கு மேல் எந்த நிறத்தாலும் இரு பக்கமும் ஒரே நேரத்தில் எட்ட முடியாது. தூய கருப்பில் மயிரிழையில் தேறுகிறோம் என்று மகிழ வேண்டாம்: பல செயலிகளின் டார்க் மோட் தூய கருப்பாக இருப்பதில்லை. #121212 போன்ற அடர்சாம்பலை எடுத்துக்கொண்டால், வெள்ளைக்கும் அதற்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 18.7:1 ஆகக் குறைகிறது. இரு பக்கமும் எட்டக்கூடிய உச்சம் 4.33 தான்.

சிறிய எழுத்துகளுக்கு எந்த நிறத்தையும் குறிக்க வேண்டாம் என்று முந்தைய படியில் நான் வற்புறுத்தியதற்கு இந்த எண்ணே காரணம். 4.5 என்ற அளவை இரு பின்னணியிலும் நிறைவேற்றும் நிறம் உலகில் இல்லாதபோது, 'சரியான சாம்பலை'த் தேடுவது வீண்வேலை. ஆனால் 3:1 என்ற அளவுக்குத் தாராளமாக இடமிருக்கிறது, ஆகவே நடுத்தர நிறம் பெரிய எழுத்துக்கும் கோட்டுக்கும் லோகோவுக்கும் பொருந்தும். பெயருக்கு அதைத் தருவதானால், பெயரைத் தடித்த எழுத்தில் 19 பிக்சலுக்குக் குறையாமல் வைத்தால்தான் அது பெரிய எழுத்துக் கணக்கில் சேரும். பெயர் 16 பிக்சலிலேயே இருக்க வேண்டும் என்றால், அதையும் நிறமின்றி விட்டுவிட்டுக் கோட்டுக்கும் ஐகானுக்கும் மட்டும் நிறம் கொடுங்கள்.

சில எடுத்துக்காட்டுகளைக் கணக்கிட்டுப் பார்த்தேன். #337799 என்ற நீலம் வெள்ளையில் ஏறத்தாழ 5.0, #121212 இல் 3.8 தருகிறது. #118855 என்ற பச்சை முறையே 4.5, 4.2 தருகிறது. #808080 என்ற சாம்பல் 3.9, 4.7 தருகிறது. இவை மூன்றும் ஏற்புடையவை. ஒப்பிட்டுப் பார்க்க, #001144 என்ற அடர்நீலத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: வெள்ளையில் 18 என்ற அருமையான விகிதம், #121212 இல் வெறும் 1.04. 1 என்றால் இரண்டும் ஒரே நிறம் என்று பொருள். என் லோகோ இதற்கு நெருங்கிய நிறத்தில்தான் இருந்தது.

பிரிக்கும் கோட்டுக்கு மிக வெளிர்ந்த சாம்பலையோ தூய கருப்பையோ தவிர்த்து, நீங்கள் தேர்ந்தெடுத்த நடுத்தர நிறத்தையே கொடுங்கள். செயலி அதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் கோடு தெரியும்.

படி 4: லோகோ

வேலையில் பாதி இங்கேதான். படத்தின் நிறத்தைச் செயலி மாற்றாது என்பதால், படம் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு நான் மூன்று வழிகளை மட்டுமே பரிந்துரைப்பேன்; எது பொருந்தும் என்பது லோகோவின் இயல்பைப் பொறுத்தது.

லோகோவின் நிறத்தை மாற்ற உங்களுக்கு உரிமை இருந்தால், அதை நடுத்தர நிறத்துக்கு நகர்த்திவிடுவதே எளிய வழி. அடர்நீலத்தைச் சற்று வெளிர வைத்தால் போதும். வெள்ளையில் வேறுபாடு பெரிதாகத் தெரியாது, கருமையில் லோகோ உயிர்பெறும். ஆனால் நிறுவன அடையாளத்தின் நிறத்தில் கை வைக்கப் பெரும்பாலும் அனுமதி கிடைக்காது.

இரண்டாவது வழி, எழுத்தின் வெளிவிளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுவது. வெள்ளைப் பின்னணியில் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது. கருமையில் எழுத்தின் உருவத்தைத் தூக்கிக் காட்டும். கோட்டின் தடிமன் திரையில் 1 முதல் 2 பிக்சல் வரை இருக்கட்டும். மங்கலான ஒளிவட்டம் போட வேண்டாம்; அது கருமையில் அழுக்கான புகைபோலத் தெரியும், கூரிய விளிம்புள்ள கோடே நன்றாக இருக்கும். மெல்லிய கோடுகளும் நெருக்கமான எழுத்துகளும் கொண்ட லோகோவுக்கு இந்த வழி ஒத்துவராது, ஏனெனில் எழுத்துகளுக்கு இடையிலும் உள்வளைவுகளிலும் வெள்ளை நிரம்பிப் படம் குழம்பிவிடும்.

மூன்றாவது, வெள்ளைத் தட்டு. லோகோவைச் சுற்றிப் போதுமான இடம் விட்டு, மூலைகள் வளைந்த ஒரு வெள்ளைச் செவ்வகத்தைப் படத்துக்குள்ளேயே வைத்து, மூலைக்கு வெளியே உள்ள பகுதியை மட்டும் ஒளிபுகச் செய்யுங்கள். வெள்ளை அஞ்சலில் தட்டு மறைந்துவிடும். கரிய அஞ்சலில் அது திட்டமிட்டு வைத்த வில்லைபோல் தோன்றும். இடம் விடுவதில் கஞ்சத்தனம் காட்டினால் வெட்டி ஒட்டிய துண்டுபோல் ஆகிவிடும். லோகோவின் உயரத்தில் நான்கில் ஒரு பங்கையாவது ஒவ்வொரு பக்கமும் விடுகிறேன். பல நிறங்கள் கொண்ட லோகோவுக்கும், நிறத்தை மாற்றக் கூடாத லோகோவுக்கும் இதுவே நம்பகமானது. என் லோகோவை நான் கடைசியில் இப்படித்தான் மீட்டேன்.

தட்டு படத்துக்குள் இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒளிபுகும் லோகோவை வைத்துவிட்டு, அதைச் சுற்றியுள்ள அட்டவணைக் கட்டத்துக்கு வெள்ளைப் பின்னணி தந்தால், செயலி அந்தக் கட்டத்தையும் கருமையாக்கும். தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடுவோம். இதன் எதிர்முனையும் உண்டு. கரிய கட்டத்தில் வெள்ளை லோகோவை வைத்து, இனி எங்கும் கவலையில்லை என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. முழுவதையும் தலைகீழாக்கும் செயலியில் கட்டம் வெளிர்ந்துவிடும், வெள்ளை லோகோ வெள்ளையாகவே இருக்கும், இந்த முறை காணாமல் போவது அது.

வெளிர்ந்த பின்னணிக்கு ஒன்று, கரிய பின்னணிக்கு ஒன்று என இரண்டு லோகோக்களை வைத்து மாற்றிக் காட்டும் உத்தியைக் கையொப்பத்தில் முயல வேண்டாம். மாற்றுவதற்கான விதி ஸ்டைல் தொகுதியில் இருக்கிறது. அது உதிர்ந்ததும், ஒளித்துவைத்த லோகோ ஒரு நாளும் வெளியே வராது, அல்லது இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும்.

படத்தை பிஎன்ஜி வடிவத்தில் சேமியுங்கள். எஸ்விஜி வடிவத்தை ஜிமெயிலும் விண்டோஸின் பழைய அவுட்லுக்கும் காட்டுவதில்லை. ஜிஃப் வடிவத்தில் ஒரு புள்ளி ஒன்று முழுமையாகத் தெரியும் அல்லது முழுமையாக மறையும், நடுநிலை இல்லை. ஆகவே விளிம்புகள் பல்பல்லாக வரும். பிஎன்ஜியிலும் ஒரு பொறி உண்டு: வெள்ளைப் பரப்பின் மேல் வைத்திருந்த லோகோவிலிருந்து வெள்ளையை மந்திரக்கோல் கருவியால் அழித்து எடுத்தால், எழுத்தின் விளிம்பில் வெள்ளை கலந்த புள்ளிகள் தங்கிவிடும்; வெள்ளையில் தெரியாத அந்தச் செதில்கள் கருமையில் பொரிந்ததுபோல் தெரியும். மூல வெக்டர் கோப்பிலிருந்து நேரடியாக ஒளிபுகும் பின்னணியோடு ஏற்றுமதி செய்வதே சரி. திரையில் காட்டும் அளவைப் போல இரு மடங்காகச் சேமியுங்கள்: 150 பிக்சல் அகலத்தில் காட்டப்போகும் லோகோ 300 பிக்சலில் இருக்கட்டும்.

விண்டோஸின் பழைய அவுட்லுக் 2007 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து வேர்டின் எந்திரத்தைக் கொண்டே அஞ்சலை வரைகிறது. ஸ்டைலில் மட்டும் அளவைக் கொடுத்தால் அது பொருட்படுத்தாமல், 300 பிக்சல் படத்தை முழு அளவில் விரித்துவிடலாம். ஆகவே அகலத்தையும் உயரத்தையும் இமேஜ் குறியின் விட்த், ஹைட் பண்புகளாகவே எழுதுங்கள். ஆல்ட் பண்பில் நிறுவனத்தின் பெயரை இடுங்கள். படங்கள் தடுக்கப்பட்டிருக்கும் இடத்தில் அது இயல்பு நிற எழுத்தாக வந்து நிற்கும்.

படத்தை எங்கே வைப்பது என்பதும் கவனிக்க வேண்டியது. படத்தை எழுத்துக் கோவையாக மாற்றும் பேஸ்64 முறையில் குறியீட்டுக்குள்ளேயே அதைத் திணித்தால் ஜிமெயில் அதைக் காட்டாது. பொது இணைய முகவரியில், எச்டிடிபிஎஸ் இணைப்பில் வையுங்கள். பிறகு படத்தைத் திருத்தினால் அதே பெயரில் மேலெழுதாமல் புதிய பெயரில் ஏற்றுங்கள். ஜிமெயில் படங்களைத் தன் இடைநிலைச் சேவையகம் வழியாகவே காட்டுவதால், பழைய படம் சேமிப்பிலிருந்து மீண்டும் வரக்கூடும். திருத்திய லோகோவைச் சோதிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு பழையதையே பார்த்துக்கொண்டிருப்பது ஒரு மாலைப் பொழுதை விழுங்கிவிடும்.

படி 5: ஐகான்களும் இணைப்புகளும்

சமூக ஊடக ஐகான்களுக்கு, நடுத்தர நிறத்தில் நிரப்பிய வட்டமும் அதன் நடுவே வெள்ளைக் குறியும் போதும். குறி வெட்டியெடுத்த ஓட்டையாக இல்லாமல் வெள்ளையால் நிரப்பப்பட்டதாக இருக்கட்டும். ஓட்டையாக விட்டால் கருமையில் குறி கருமையாகத் தெரியும், தவறில்லை என்றாலும் ஐகானின் முகமே மாறிவிடும்.

இணைப்புகளில் நிறம் குறிக்காமல் விட்டால் சில செயலிகள் இயல்பான அடர்நீலத்தைத் தரும். #0000 என்று தொடங்கும் அந்தப் பழைய நீலங்கள் கருமையில் 2:1 சொச்சம் மட்டுமே தருபவை. ஆகவே இந்த ஓர் இடத்தில் மட்டும் விதிவிலக்காக, ஆங்கர் குறியில் நடுத்தர நிறத்தை இன்லைனாக எழுதி, அடிக்கோட்டையும் விட்டுவையுங்கள், 4.5 ஐ இரு பக்கமும் எட்டாத குறையை அடிக்கோடு ஓரளவு ஈடுசெய்யும். தொலைபேசி எண்ணை நீங்களே டெல் இணைப்பாக (தொட்டால் அழைக்கும் இணைப்பு) அமைத்துவிடுங்கள். அமைக்காவிட்டால் ஐபோன் அதைத் தானாகக் கண்டுபிடித்துத் தனக்குப் பிடித்த நீலத்தைப் பூசிவிடும்.

படி 6: குறியீட்டின் கட்டமைப்பு

வேர்டு எந்திரத்துக்காக, வடிவமைப்பை டிவ் குறிகளால் அல்லாமல் டேபிள் குறியால் அமையுங்கள்: ஒரு வரிசை, இரண்டு கட்டங்கள், இடப்புறம் லோகோ, வலப்புறம் விவரங்கள். செல்பேடிங், செல்ஸ்பேசிங், பார்டர் ஆகிய மூன்றையும் 0 என்று எழுதுங்கள். இரண்டு கட்டங்களுக்கு இடையிலான நெடுங்கோட்டை வலக் கட்டத்தின் இடது பார்டராக, 2 பிக்சலில், நடுத்தர நிறத்தில் கொடுங்கள். எழுத்துருவும் அளவும் ஒவ்வொரு கட்டத்திலும் இன்லைனாக எழுதப்பட வேண்டும், ஏனெனில் டேபிளுக்கு வெளியிலிருந்து அவை மரபாக வந்துசேரும் என்று நம்ப முடியாது. கலர் என்ற சொல் உங்கள் குறியீட்டில் இணைப்புகளிலும், நெடுங்கோட்டிலும், பெரிய எழுத்தில் வைத்திருந்தால் பெயரிலும் தவிர வேறெங்கும் வரக் கூடாது. முடித்ததும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

படி 7: நிறுவுதல்

குறியீட்டைக் கோப்பாகச் சேமித்து, உலாவியில் திறந்து, காட்சியில் தெரிவதை முழுவதும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, ஜிமெயிலின் கையொப்பப் பெட்டியில் ஒட்டுவதே வழக்கம். அதற்கு முன் கணினியையும் உலாவியையும் வெளிர்நிறத் தோற்றத்துக்கு மாற்றிவிடுங்கள். டார்க் மோடில் இருக்கும் பக்கத்திலிருந்து நகலெடுக்கும்போது, உலாவி கணக்கிட்ட நிறங்களும் சேர்ந்து வரக்கூடும். நீங்கள் நிறமே எழுதாத வரியில் வெள்ளை எழுத்து நிரந்தரமாகப் பதிந்து, வெள்ளைப் பின்னணியில் படிப்பவருக்கு வெற்றிடமாகத் தெரியும். ஜிமெயிலின் கையொப்பத்துக்கு 10,000 எழுத்து வரம்பு உண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வேர்டிலிருந்து ஒட்டியவர்களே பெரும்பாலும் அதைத் தாண்டுகிறார்கள்.

விண்டோஸின் பழைய அவுட்லுக்கில் ஒவ்வொரு கையொப்பமும் 'சிக்னேச்சர்ஸ்' என்ற கோப்புறையில் எச்டிஎம், ஆர்டிஎஃப், டிஎக்ஸ்டி என மூன்று கோப்புகளாகச் சேமிக்கப்படுகிறது. செயலிக்குள் ஒரு வெற்றுக் கையொப்பத்தை உருவாக்கி, செயலியை மூடிவிட்டு, எச்டிஎம் கோப்பின் உள்ளடக்கத்தை மட்டும் உங்கள் குறியீட்டால் மாற்றுங்கள். அதன்பின் செயலியின் கையொப்பத் திருத்தியைத் திறந்து சேமித்தால் அது எல்லாவற்றையும் வேர்டின் பாணியில் மீண்டும் எழுதிவிடும், ஆகவே அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஆப்பிள் மெயிலில் ஒட்டும்போது, இயல்பு எழுத்துருவுக்கு எப்போதும் பொருத்து என்ற தேர்வை நீக்கிவிடுங்கள். ஐபோனில் அமைப்புகளுக்குள் ஒட்டியதும் வடிவம் சிதையும். பதற வேண்டாம், கைப்பேசியை ஒருமுறை குலுக்கினால் மாற்றத்தைத் திரும்பப் பெறலாமா என்று கேட்கும், ஆம் என்றால் அசல் வடிவம் திரும்பிவிடும்.

படி 8: சோதனை

குறைந்தது நான்கு இடங்களில் பாருங்கள்: ஜிமெயில் செயலி, ஐபோனின் மெயில் செயலி, அவுட்லுக்கின் இணையப் பதிப்பு, விண்டோஸின் பழைய அவுட்லுக். ஒவ்வொன்றிலும் வெளிர்நிறத் தோற்றத்தையும் டார்க் மோடையும் மாற்றிப் பாருங்கள். பழைய அவுட்லுக்கில் சூரியனும் நிலவும் கொண்ட ஒரு பொத்தான் அஞ்சலின் பின்னணியை மட்டும் மாற்றித் தரும். ஒரே அஞ்சலை இரு விதமாக ஒப்பிட அதைவிட வசதியான கருவி இல்லை. திரையின் ஒளியைப் பாதியாகக் குறைத்தும் ஒருமுறை பாருங்கள், ஏனெனில் டார்க் மோடைப் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் அந்த ஒளியில்தான் படிக்கிறார்கள்.

புதிய அஞ்சலோடு சோதனையை நிறுத்திவிடுவது பலரும் செய்யும் பிழை. கையொப்பம் அதிகமாகப் பார்க்கப்படுவது பதில்களின் சங்கிலியில்தான். உங்கள் அஞ்சலுக்கு வேறொரு செயலியிலிருந்து பதில் அனுப்பச் சொல்லி, அந்தப் பதிலுக்கு நீங்கள் பதில் எழுதி, மேற்கோளாகத் தொங்கும் பழைய கையொப்பத்தைப் பாருங்கள். கடைசியாக, உங்கள் கணினியை டார்க் மோடில் வைத்தபடியே ஓர் அஞ்சல் எழுதி அனுப்பி, அதை வெளிர்நிறத் தோற்றத்தில் உள்ள வேறொரு கருவியில் திறந்து, மூலக் குறியீட்டில் கலர் என்ற சொல்லைத் தேடுங்கள். நீங்கள் எழுதாத ஒரு வெளிர்நிறம் எழுத்துகளின் மேல் ஏறியிருந்தால், கையொப்பத்தில் குறையில்லை, பெரும்பாலும் நிறுவும்போது நகலெடுத்த முறையில்தான் குறை. படி 7 க்குத் திரும்பி, வெளிர்நிறத் தோற்றத்தில் மறுபடியும் ஒட்டுங்கள்.